கடைசி பெஞ்சுக்குத் தண்ணி வந்தாச்சா?

காவிரி டெல்டாப் பக்கம் வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் வகுப்பறையின் கடைசி பெஞ்சைக் கடைமடை என்பார்கள். முதல் பெஞ்சு தலைமடை, வாத்தியார் நிற்கிற இடம் மேட்டூர். பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "சார், இன்னும் கடைமடைக்குத் தண்ணி வரல" என்று ஒரு குரல் வந்தால், சொன்னது அங்கே காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் மண்டையில் ஏறவில்லை என்று பொருள். வாத்தியாரும் இந்தப் பக்கத்துக்காரராக இருந்துவிட்டால் "முறைப்பாசனம்டா தம்பி, உன் முறைக்கு வரும்" என்பார். நான் படித்த காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பேன், ஒவ்வொரு தடவையும் வகுப்பு சிரிக்கும்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேட்டூர் அணை 1934-ல் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து குறுவை நெல் பயிருக்கு அணை திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அன்றைக்குத் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் இன்னும் சின்ன வாய்க்காலாகி, வாய்க்கால் முடிகிற கடைமடையான நாகப்பட்டினம் காரைக்கால் பக்கத்து வயல்களைத் தொடுவதற்குள் மேல்பகுதியில் நாற்றே விட்டு முடித்திருப்பார்கள். சில வருடம் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12 சும்மா கடந்து போகும். கடைமடைக்காரர்களுக்கு இது சிரிப்பு விஷயமே இல்லை, ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு மதகுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற விஷயம். அப்படித் திரும்பிய ஒரு வீட்டிலிருந்து வந்த பையன்தான் இந்த ஜோக்கை முதலில் சொல்லியிருப்பான் என்பது என் நம்பிக்கை.

வேளாண் கல்லூரி ஜோக்குகளை வெறும் விடலைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே படிக்கிற பிள்ளை நான்கு வருடத்தில் இரண்டு பாஷைகளை ஒரே தலைக்குள் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஒன்று புத்தகத்துப் பாஷை, இன்னொன்று வரப்புப் பாஷை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டப் போட்ட பனைமரத் துண்டுதான் இந்தச் சிரிப்பு.

கல்லூரிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் 1987-ல் தொடங்கிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் 1989-ல் தொடங்கிய அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி, தஞ்சாவூர் ஈச்சங்கோட்டையில் 2014-ல் தொடங்கி இப்போது எம்.எஸ்.சுவாமிநாதன் பெயரைத் தாங்கியிருக்கிற கல்லூரி, 2021-ல் வந்த கீழ்வேளூர் கல்லூரி, கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம். இவை போக 1922 முதல் இருக்கிற ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், எந்தக் கல்லூரிப் பிள்ளையாக இருந்தாலும் ஒரு நாளாவது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம். திருச்சிக் கல்லூரி நிற்கிறது சோடியம் மிகுந்த களர் மண்ணில். அந்த மண்ணைத் தாங்கி வளர்கிற நெல் ரகங்களை அங்கேயே உருவாக்கி, திருச்சியைக் குறிக்கும் எழுத்துகளைச் சேர்த்து டி.ஆர்.ஒய் 1, டி.ஆர்.ஒய் 2, டி.ஆர்.ஒய் 3 என்று வெளியிட்டார்கள். அந்த மூன்று எழுத்தைச் சேர்த்துப் படித்தால் 'ட்ரை' என்று வருகிறதா, அரியர் பரீட்சையை மூன்றாவது தடவை எழுதப் போகிறவனை "மாப்ள, ட்ரை 3 வெளியீடு எப்போ?" என்று கேட்காமல் விடுவார்களா?

சரி, அந்த இரண்டு பாஷை விஷயத்துக்கு வருவோம். முதலாண்டு சேருகிறவர்களில் பாதிப் பேர் மருத்துவம் கிடைக்காமல் வந்தவர்கள், சிலர் வயல் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள், சிலர் வரப்பில் செருப்போடு நடந்து வழுக்கி விழுகிற டவுன் பிள்ளைகள். வயல் வீட்டுப் பையனுக்குச் சேடை ஓட்டுவது, அதாவது தண்ணீர் கட்டி உழுது வயலைச் சேறாக்குவது தெரியும், அதைப் புத்தகம் 'பட்லிங்' என்கிறது என்று தெரியாது. டவுன் பிள்ளைக்குப் பட்லிங் மனப்பாடம், சேடை என்றால் விழிக்கும். அண்டை வெட்டுவது, கருக்காய், பாடுவாசி, குத்து என்று வயலில் புழங்குகிற சொற்கள் ஒரு பக்கம், நெல்லின் இலைச்சுருட்டுப் புழுவுக்கு நஃபலோகுரோசிஸ் மெடினாலிஸ் என்று நாக்கைச் சுழற்றுகிற லத்தீன் பெயர்கள் இன்னொரு பக்கம். முதல் செமஸ்டரில் எல்லோருமே ஏதோ ஒன்றில் ஊமை. அதனால் யாரும் யாரையும் ரொம்ப நாள் கேலி செய்ய முடியாது, காலையில் சிரித்தவன் சாயங்காலம் மாட்டிக்கொள்வான்.

பூச்சியியல் வகுப்பு வந்ததும் ஜோக்குகள் பழுத்துவிடும். தண்டுத்துளைப்பான் புழு நெல் பயிரின் தண்டுக்குள் புகுந்து தின்றால் நடுக்குருத்து காய்ந்துபோகும், சுற்றியிருக்கிற இலையெல்லாம் பச்சையாகவே நிற்கும். அந்தக் குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். இதற்கு 'டெட் ஹார்ட்' என்று பெயர். காதலில் தோற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் எங்கே கிடைக்கும்? வெளியே பச்சை, உள்ளே காய்ந்துபோன குருத்து. இதோடு நிற்காது. குருத்துக் காய்ந்தது 10 சதவீதத்தைத் தொட்டால்தான் மருந்தடிக்க வேண்டும், அதுதான் பொருளாதாரச் சேதநிலை என்று வாத்தியார் சொல்லியிருப்பார். உடனே ஹாஸ்டலில் கணக்கெடுப்பு நடக்கும்: நம் பிளாக்கில் நாற்பது பேர், டெட் ஹார்ட் மூன்று பேர், சேதநிலை இன்னும் வரவில்லை, நடவடிக்கை தேவையில்லை. நான்காவது ஆள் அழுதுகொண்டு வந்தால் 10 சதவீதம், இனி தலையிட்டாக வேண்டும், எல்லோரும் சேர்ந்து டீக்கடைக்கு அழைத்துப் போவார்கள். சேதநிலை என்றால் என்ன, அது ஏன் பூஜ்யமாக இல்லாமல் 10-ல் இருக்கிறது, ஒரு பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தூக்குவது ஏன் தப்பு என்பதெல்லாம் இந்த டீக்கடைக் கணக்கில் புரிந்ததைப் போல எனக்கு எந்தப் புத்தகத்திலும் புரியவில்லை.

இன்னொன்று குதிரைவாலி. நெல் வயலில் நெல்லைப் போலவே நிற்கிற களை, பூக்கிற வரைக்கும் தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இலையும் தண்டும் சேருகிற இடத்தை விரித்துப் பார்த்தால் நெல்லுக்கு அங்கே ஒரு மெல்லிய சவ்வு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், குதிரைவாலிக்கு அது கிடையாது. வகுப்பில் அடுத்தவனுக்காக அட்டெண்டன்ஸ் சொல்லப் போகிறவனுக்குக் குதிரைவாலி என்று பெயர் வைத்தது யாரோ, அந்த ஆளுக்குத் தாவரவியலும் தெரிந்திருக்கிறது, மனிதர்களையும் தெரிந்திருக்கிறது. "சார், இலையை விரிச்சுப் பாருங்க சார்" என்று எதிர் பெஞ்சிலிருந்து காட்டிக்கொடுப்பார்கள். ஆனால் களையெடுக்கிற அக்காமார் இலையை விரித்தெல்லாம் பார்ப்பதில்லை, கை வைத்த மாத்திரத்தில் பிடுங்கிவிடுவார்கள். எப்படிக்கா தெரியுது என்று கேட்டதற்கு ஒருவர் "நெல்லு சொணையா இருக்கும், இது வழவழன்னு இருக்கும் தம்பி" என்றார். அன்றைக்கு வயலிலேயே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இலையைத் தடவிப் பார்த்தோம். பத்தில் ஏழு சரியாக வந்தது எனக்கு.

பூச்சிப்பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாணவர் ஒவ்வொருவரும் பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, பெயர் எழுதி, பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஹாஸ்டல் வாசல் விளக்குக் கம்பத்துக்கு அடியில் துண்டும் பூச்சியைக் கொல்லுகிற கில்லிங் பாட்டிலும் கையுமாக இருபது பேர் அண்ணாந்து நிற்பதை ரோட்டில் போகிற யாரும் ஒரு நிமிடம் நின்று பார்க்காமல் போக மாட்டார்கள். ஊசி குத்துவதிலும் முறை இருக்கிறது: வண்டு என்றால் வலது பக்க முன்சிறகில், வண்ணத்துப்பூச்சி என்றால் நெஞ்சின் நடுவில். வண்டுக்கு நட்டநடுவில் குத்திக் கொண்டுபோனால் மார்க் போகும். நாஃப்தலின் உருண்டை வைக்க மறந்தால் எறும்பு ஒரே ராத்திரியில் பாதிப் பெட்டியைக் காலி செய்துவிடும், மறுநாள் காலையில் சிறகு மட்டும் ஊசியில் தொங்கும். அந்தப் பெட்டியில்தான் நான் பிள்ளைப்பூச்சியை முதன்முதலில் உற்றுப் பார்த்தேன். பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்ச மாதிரி என்று வீட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஆனால் அதன் முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி அகலமாக, மண்ணைத் தோண்டுவதற்கென்றே பல் வைத்துச் செய்தது போல இருப்பதைப் பார்த்தது அன்றைக்குத்தான். கொடுக்கு இல்லைதான். பழமொழி சொன்னவர்கள் பூச்சியைச் சரியாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் நடவு. கல்லூரியில் ஆளுக்கொரு பாத்தி கொடுத்து நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரைக்கும் நீயே செய் என்று விட்டுவிடுவார்கள். குறுகிய கால ரகத்துக்குப் 15-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி, சதுர மீட்டருக்கு 66 குத்து, அதாவது நாற்று வைக்கிற 66 இடம். முதல் நாள் நட்டு முடித்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்து, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியின் ஒரு மூலையில் நாற்றுகள் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். வேரை மேலாக வைத்துவிட்டுக் கையை எடுத்திருப்பார்கள், ராத்திரிக் காற்றுக்குத் தண்ணீர் அலைந்து எல்லாவற்றையும் கரையில் ஒதுக்கியிருக்கும். பக்கத்தில் நடவாட்கள் நட்ட வயலில் ஒன்று கூட அசைந்திருக்காது. விட்டுப்போன இடத்தில் ஒரு வாரம் பத்து நாளுக்குள் மறுபடி நடுவதைப் பாடுவாசி நிரப்புவது என்பார்கள். அரியர் பேப்பர் எழுதுவதற்கும் எங்கள் பக்கம் அதே பெயர்தான், "இந்த செமஸ்டர்ல எத்தனை பாடுவாசி?" சீக்கிரம் நிரப்பாவிட்டால் பின்னால் நட்ட நாற்று மற்றதோடு சேர்ந்து கதிர் வராது என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது.

இப்படிப் பெயர் வைப்பது மாணவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை என்பதைச் சொல்ல வேண்டும், டெல்டாவே இப்படித்தான். 1960-ல் நாட்டிலேயே முதலில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குள் வந்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 என்ற நெல் ரகம் வந்தது. அதைப் பற்றித் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், கேட்டவர்கள் அதற்கு ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நெல்லுக்கு எண் கொடுப்பது ஆராய்ச்சி நிலையம், பெயர் கொடுப்பது ஊர். பி.பி.டி 5204 இங்கே ஆந்திரா பொன்னி, ஏடிடி 37 வெறும் குண்டு நெல். அந்தக் குண்டு நெல் பெயரை ஹாஸ்டலில் யாருக்கு வைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு ஜோக் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

கடைசி வருடத்தில் கிராமத்துக்கு அனுப்புவார்கள். ஊரக வேளாண் பணி அனுபவம் என்பது முழுப்பெயர், எல்லோருக்கும் அது ஆங்கிலச் சுருக்கத்தில் ராவே. வகுப்பில் இப்போது பெண்பிள்ளைகள் நிறைய, அதனால் டெல்டா கிராமங்களில் பச்சைத் தொப்பியும் வெள்ளைக் கோட்டுமாக ஏழெட்டு மாணவிகள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போனால் "ஆபீசரம்மா வந்திருக்காங்க" என்று தெருவே கூடிவிடும். கூடினவர்கள் முதலில் கேட்பது விதைநேர்த்தியைப் பற்றி இல்லை, கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆகுமா, போன வருடத்துப் பயிர்க் காப்பீடு எப்போ வரும் என்பார்கள். பதில் இவர்களிடம் கிடையாது. அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் வாளியை எடுப்பார்கள்.

நான் நேரில் பார்த்த ஒரு செய்முறை. நல்ல விதையைப் பொறுக்க உப்புக் கரைசல் வைக்க வேண்டும், உப்பு எவ்வளவு என்பதற்குத் தராசு வேண்டாம், ஒரு முட்டை போதும். தண்ணீரில் போட்ட புது முட்டை அடியில் போய்க் கிடக்கும், உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்கக் கரைக்க மேலே வரும், முட்டையின் மேல்பக்கம் 25 பைசா அளவுக்கு வெளியே தெரிந்தால் கரைசல் சரி. அதில் விதையைக் கொட்டினால் உள்ளே அரிசி பிடிக்காத கருக்காயெல்லாம் மிதக்கும், கனமானது அடியில் தங்கும். அந்த மாணவி இதையெல்லாம் அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், "இருபத்தஞ்சு பைசா அளவுக்கு" என்றதும் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் "நாலணாவ நீ பாத்திருக்கியா பாப்பா?" என்று கேட்டார். அவள் பார்த்ததில்லை. 2011 ஜூன் மாதத்தோடு அந்தக் காசு செல்லாமல் போய்விட்டது, அப்போது அவள் ஆரம்பப் பள்ளிக்கூடம். பெரியவர் எழுந்து வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு கை உப்புப் போடு... போதும், இப்ப நாலணா" என்றார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "முட்டை வாங்குனா ஃபெயிலுன்னு சொல்லுவாங்க, உங்க படிப்புல முட்டை மேல வந்தாத்தான் பாஸா?" என்று கேட்க, தெருவே சிரித்தது, அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லோரும் கிட்ட வந்தார்கள். விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசாவிட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும் என்று அவள் கடைசியாகச் சொன்னதை, அந்தச் சிரிப்பு இல்லாமல் எத்தனை பேர் நின்று கேட்டிருப்பார்கள்?

கணக்கிலும் இதே கதைதான். புத்தகம் முழுக்க ஹெக்டேர். டெல்டாவில் யாரும் ஹெக்டேரில் பேசுவதில்லை, மா, குழி, வேலி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். ராவே போன ஒரு பையன் ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று ஆரம்பித்தான். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், ஆக ஹெக்டேருக்கு 326 கிலோ யூரியா, ஏக்கருக்கு 132 கிலோ, ஒரு மாவுக்கு 44 கிலோ என்று போனில் தட்டித் தட்டி வருவதற்குள் எதிரில் நின்றவர் "மாவுக்கு ஒரு மூட்டைன்னு சொல்ல வர்றீங்க, அதானே தம்பி" என்றார். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. பையன் அசந்துபோனான். ஆனால் அதை ஒரேயடியாகப் போடாமல் நான்கு தடவையாகப் பிரித்துப் போட வேண்டும், டி.ஏ.பி உரம் போட்டால் அதில் இருக்கிற தழைச்சத்தைக் கழிக்க வேண்டும், மண் பரிசோதனை செய்தால் இன்னும் குறையலாம் என்று அவன் சொன்னபோது அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் புதிதாகக் கற்க ஒன்று இருந்தது. அன்று மாலை ஹாஸ்டல் க்ரூப்பில் அவன் பெயர் 'மாவுக்கு ஒரு மூட்டை' என்று மாறியது, இன்றைக்கும் அப்படித்தான்.

யூரியா என்று வந்துவிட்டால் ஹாஸ்டல் இரண்டாகப் பிரியும். எம்.எஸ்.சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர், நம்மாழ்வார் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இளங்காட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். பசுமைப் புரட்சிக்கு முகமாக இருந்தவரும், அதைக் கடைசி வரைக்கும் எதிர்த்துப் பேசியவரும் ஒரே ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். யூரியா கட்சி, பஞ்சகவ்யா கட்சி என்று பிரிந்து மெஸ்ஸில் நடக்கிற சண்டையில் கிண்டல் பறக்கும், ஒருவன் தட்டில் சாம்பார் ஊற்றினால் "அடியுரமா, மேலுரமா?" என்று இன்னொருவன் கேட்பான். ஆனால் அந்தச் சண்டை உண்மையானது, ஒவ்வொருவனும் தன் அப்பா வயலை நினைத்துக்கொண்டுதான் பேசுகிறான். அதனால்தான் ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் யாரும் எழுந்து போவதில்லை.

சிரிக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன, அவற்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். பட்டப்பெயர் வைக்கிற பழக்கம் ஒரு அடி தவறினால் ராகிங். 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது, அந்த ஊர் எங்களுக்கு ஆற்றைத் தாண்டினால் வருகிற ஊர். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, வயலில் வேலை செய்கிறவரைப் பார்த்துச் சிரிப்பது. நடவாட்கள் பேசுகிற விதத்தை மிமிக்ரி செய்து கைதட்டு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டத்தில் அதே நடவாட்களின் பிள்ளை ஒருத்தி சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி, இன்று வேளாண் கல்லூரி இருக்கிற அதே கீழ்வேளூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் நின்றுகொண்டு செய்கிற ஜோக் யாரை நோக்கிப் போகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். நான் மேலே சொன்ன நல்ல ஜோக்குகள் எல்லாவற்றிலும் மாட்டிக்கொள்வது படிக்கிறவன்தான், சேற்றில் நிற்கிறவர் இல்லை.

ராவேயில் கடைசியாக ஒன்று செய்வார்கள். கோயில் வாசலில் தரையைப் பெருக்கிவிட்டு, கலர் கோலமாவில் ஊரின் வரைபடம் போடுவார்கள், ஊர்க்காரர்களையும் உட்கார வைத்து. மஞ்சளில் தெரு, பச்சையில் வயல், நீலத்தில் வாய்க்கால். நான் பார்த்த ஊரில் பிள்ளைகள் பெரிய வாய்க்காலைப் போட்டு, அதிலிருந்து நான்கு கிளை பிரித்து, முடித்துவிட்டோம் என்று கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்கள். கூட்டத்தின் பின்னால் இடுப்பில் பேரனை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பாட்டி, கீழத்தெருக்காரர், பேரனை இறக்கிவிட்டு முன்னால் வந்தார். நீலக் கோலமாவை ஒரு பிடி அள்ளி, நான்காவது கிளையின் நுனியிலிருந்து கையை எடுக்காமல் வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டே போய், வரைபடத்தின் ஓரத்தையும் தாண்டி வெறுந்தரையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்கதான் எங்க வயலு. ரெண்டு மா."

தொப்பி போட்ட பிள்ளைகள் பச்சைக் கோலமாவை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.